ஃப்ளோரா மிஸ் கடற்காகம் பார்த்த நாள்

ஐம்பத்தேழு வயது வரை ஃப்ளோரா மிஸ்ஸுக்கும் பறவைகளுக்கும் எந்தப் போக்குவரத்தும் இல்லை. காகத்தைத் தெரியும், புறாவைத் தெரியும், கோழியை நன்றாகவே தெரியும். மீதி எல்லாம் அவருக்குக் குருவி. சாந்தோமில் பிறந்து, சாந்தோமிலேயே கல்யாணமாகி, அலைச்சத்தம் கேட்கிற வீட்டில் குடியிருந்தும், அந்த அலைக்கு மேலே என்ன பறக்கிறது என்று அவர் ஒரு நாளும் தலையைத் தூக்கிப் பார்த்ததில்லை. பார்க்க நேரமும் இருந்ததில்லை. மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் முப்பது வருஷமாக ஐந்தாம் வகுப்பு எடுக்கிறார். ஐந்தாம் வகுப்பு எடுப்பவர்களுக்கு மேலே பார்க்க நேரம் கிடைக்காது.

பள்ளியில் அவருக்கு ஒரு பெயர் உண்டு. பரீட்சைத் தாளில் பெயர் எழுத மறந்த பிள்ளை யாரென்று கையெழுத்தை வைத்தே சொல்லிவிடுவார். வராந்தாவில் ஓடுகிற செருப்புச் சத்தத்தைக் கேட்டே உள்ளிருந்தபடி பெயர் சொல்லி அதட்டுவார். "ஃப்ளோரா மிஸ் சொன்னா தப்பா இருக்காது" என்று தலைமையாசிரியையிலிருந்து ஆயா வரைக்கும் சொல்வார்கள். எல்லோரும் சொல்லிச் சொல்லி, நாளடைவில் அவரும் அதை நம்பிவிட்டார். அதுதான் கோளாறு.

அவர் கடற்காகம் பார்க்கப் போனது ஒரு தவறுதலால். சாந்தோம் கோவிலின் பங்கில் அவர்கள் தெருவைச் சுற்றியுள்ள குடும்பங்கள் மாதம் ஒரு முறை யாராவது ஒருவர் வீட்டில் கூடி ஜெபிப்பார்கள். அன்பியம் என்று பெயர். ஜெபம் கால் மணி நேரம், சமோசாவும் பேச்சும் மீதி நேரம். அந்த அன்பியத்துக்கு வருஷா வருஷம் ஜனவரியில் ஒரு நாள் சுற்றுலா. வழக்கமாகப் பெசன்ட் நகர் மாதா கோவிலுக்குப் போய், கடற்கரையில் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். இந்த வருஷம் புதிதாக வந்த உதவிப் பங்குத்தந்தை இளைஞர். அவருக்கு வேறு யோசனை இருந்தது.

"குளிர்காலத்துல நம்ம அடையாறு முகத்துவாரத்துக்குக் கடற்காகங்கள் வருது. எங்கேயோ இமயமலைக்கு அந்தப் பக்கத்துல இருந்து வருது. நாம பக்கத்துலயே இருந்துக்கிட்டுப் பார்க்கிறதில்ல. இந்த வருஷம் அதுங்களை வகைவகையா அடையாளம் கண்டுபிடிப்போம். யாரு பொறுப்பு எடுத்துக்கிறீங்க?"

ஃப்ளோரா மிஸ் கையைத் தூக்கினார். அங்கே கழிப்பறை வசதி எப்படி என்று கேட்பதற்காகத் தூக்கிய கை அது.

"ஃப்ளோரா மிஸ்! எல்லாரும் கைதட்டுங்க" என்றார் ஃபாதர்.

எல்லோரும் தட்டினார்கள். கைதட்டு வாங்கிய பிறகு கழிப்பறையைப் பற்றி எப்படிக் கேட்பது? அவர் கையை இறக்கிவிட்டார்.

அந்தக் கூட்டத்தில் தட்டாமல் இருந்தது இரண்டே கைகள். அவை டீனாவுடையவை. டீனா, ஃப்ளோரா மிஸ்ஸின் கூடப் பிறந்த தங்கை. அடையாறில் ஒரு பல் மருத்துவரின் கிளினிக்கில் வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு பேர் வீட்டுக்கும் நடுவே ஒரு பெட்டிக்கடையும் ஒரு சலூனும்தான் இருக்கின்றன. இரண்டு பேரும் பேசி ஆறு வருஷம் ஆகியிருந்தது.

சண்டைக்குக் காரணம் அவர்கள் அம்மாவின் படம்.

அம்மா லூர்தம்மாள் இறந்தபோது, முப்பதாம் நாள் பூசைக்கு நினைவு அட்டை அடித்துக் கொடுக்கிற வேலையை ஃப்ளோரா மிஸ் எடுத்துக்கொண்டார். பழைய ஆல்பத்தைப் புரட்டி, தி.நகரில் யாருடைய கல்யாணத்திலோ எடுத்த ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்தார். நீலச் சேலை, பூ வைத்த கொண்டை, எதையோ கேட்டுவிட்டுச் சிரிக்கப்போகிற முகம். அட்டை நன்றாகவே வந்தது. பூசை முடிந்து கோவில் வாசலில் எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தபோது டீனா ஒன்றை வாங்கிப் பார்த்தாள்.

"அக்கா, இது அம்மா இல்ல. செசிலி சித்தி."

செசிலி சித்தி அம்மாவுக்கு நேர் இளையவர். இருவரும் ஒரே அச்சு. அம்மா தைத்த ரவிக்கையைத்தான் சித்தியும் போடுவார். ஆனாலும் இப்படி ஒரு பேச்சை ஃப்ளோரா மிஸ் எதிர்பார்க்கவில்லை.

"எனக்கு அம்மாவைத் தெரியாதாடி?"

"தெரியல, அதான் சித்திக்கு ஆர்.ஐ.பி. போட்டு வெச்சிருக்கே."

அந்தச் சமயத்தில் செசிலி சித்தி உயிரோடு, அவர்களுக்கு மூன்றடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். அட்டை அவர் கைக்கும் போயிற்று. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அட்டையை எட்டப் பிடித்துப் பார்த்து, "அக்கா எவ்ளோ லட்சணமா இருக்கா பாரு" என்று சொல்லி அழுதார். ஃப்ளோரா மிஸ்ஸுக்கு அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை. சித்திக்குக் கண்ணாடி போட்டாலும் கண் தெரியாது என்பது டீனாவின் கட்சி. வாசலிலேயே வார்த்தை தடித்தது. அம்மாவைக் கடைசிக் காலத்தில் யார் பார்த்துக்கொண்டது, யார் வந்து போனது என்று எங்கெங்கோ போய், இனி உன் முகத்தில் முழிக்க மாட்டேன் என்று வந்து நின்றது.

இரண்டு வருஷம் கழித்துச் செசிலி சித்தியும் போய்ச் சேர்ந்தார். அவர் பிள்ளைகள் அடித்த நினைவு அட்டையில் அதே படம் இருந்தது. அதே நீலச் சேலை, அதே கொண்டை. டீனா அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டாள். "அவனுங்க நம்ம அட்டையைப் பார்த்து சுட்டிருக்கானுங்க" என்றார் ஃப்ளோரா மிஸ். பங்கில் பல பேருடைய ஜெபப் புத்தகத்தில் இரண்டு அட்டையும் இருக்கிறது. அவர்கள் எந்தச் சங்கடமும் இல்லாமல் இரண்டு ஆத்துமாவுக்கும் சேர்த்து வேண்டிக்கொள்கிறார்கள். அக்காவும் தங்கையும் மட்டும் கோவிலில் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தார்கள். பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் தெரிவியுங்கள் என்று ஃபாதர் சொல்லும்போது ஃப்ளோரா மிஸ் இடப்பக்கமும் டீனா வலப்பக்கமும் திரும்பிக் கும்பிடுவார்கள்.

இவர்களுடைய கணவர்கள் நிலைமைதான் பாவம். ஃப்ளோரா மிஸ்ஸின் கணவர் ஆரோக்கியநாதன் வடபழனி பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். டீனாவின் கணவர் டெரிக், ஆழ்வார்பேட்டையில் ஏ.சி. ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். சகலைகள் இருவரும் ஒருவருக்கொருவர் எந்தக் கெடுதலும் செய்துகொள்ளாதவர்கள். ஆனாலும் தெருவில் எதிர்ப்பட்டால் மனைவிமாருக்காக முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். அப்படித்தான் ஃப்ளோரா மிஸ் நினைத்துக்கொண்டிருந்தார்.

பொறுப்பு என்று வந்துவிட்டால் ஃப்ளோரா மிஸ் அரைகுறையாகச் செய்ய மாட்டார். பறவை காட்ட வரப்போகிற ஷரஃபுதீன், ராயப்பேட்டையில் மூக்குக் கண்ணாடிக் கடை நடத்துபவர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு பறவை பார்க்கப் போகிறவர். அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களைப் பேத்தியின் கலர் பிரிண்டரில் அச்சடித்து, ஃப்ளோரா மிஸ் சமையலறைச் சுவரில் ஒட்டினார். பழுப்புத்தலைக் கடற்காகம். கருந்தலைக் கடற்காகம். பெரிய கருந்தலைக் கடற்காகம். முதுகு கருத்த இன்னொன்று. தோசை வார்க்கும்போது பார்த்தார், குழம்பு கொதிக்கும்போது பார்த்தார். பிறகு பெயர்களை விரலால் மறைத்துக்கொண்டு கணவரைக் கேட்டார்.

"இது என்ன?"

"கடற்காகம்" என்றார் ஆரோக்கியநாதன்.

"என்ன கடற்காகம்?"

"நல்ல கடற்காகம்."

அவரை விட்டுவிட்டார். தான் படித்தால் போதும் என்று தோன்றியது. தலை பழுப்பாக இருந்தால் பழுப்புத்தலை, கருப்பாக இருந்தால் கருந்தலை. ஐந்தாம் வகுப்புக்கே இதைவிடக் கஷ்டமான கேள்விகள் வருகின்றன.

சுற்றுலா நாளன்று விடிந்ததும் இருபது பேர் சீனிவாசபுரம் கடற்கரையில் சேர்ந்தார்கள். அங்கிருந்து மணலிலேயே தெற்கே நடந்தால் ஆறு கடலில் கலக்கிற இடம். ஷரஃபுதீன் ஒல்லியான மனிதர், தலையில் தொப்பி, தோளில் முக்காலியோடு கூடிய தொலைநோக்கி. அதிகம் பேசாதவர். ஃப்ளோரா மிஸ் முன்னால் நடந்தார். பொறுப்பாளர் என்பதால் ஒரு விசிலும் கழுத்தில் தொங்கியது.

தண்ணீரின் மேல் வெள்ளையாக ஒன்று மிதந்தது. ஃப்ளோரா மிஸ் விசிலை ஊதி எல்லோரையும் நிறுத்தினார்.

"அதோ! கடற்காகம்!"

எல்லோரும் பார்த்தார்கள். ஷரஃபுதீனும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். "தெர்மாகோல், மேடம்" என்றார். அதில் கேலி எதுவும் இல்லை. ஒரு வகையை அடையாளம் சொல்கிற மாதிரியேதான் சொன்னார்.

பின்னால் யாரோ இருமினார்கள். அது டீனாவின் இருமல் என்று திரும்பிப் பார்க்காமலே ஃப்ளோரா மிஸ்ஸுக்குத் தெரிந்தது.

கட்டுமரத்தின் மேல் உட்கார்ந்து வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஒரு மீனவர் இவர்களை நிறுத்தினார். "இன்னா மேடம், இன்னா தேடிக்கினு போறீங்க?"

"கடற்காகம் பார்க்க வந்தோம்."

"கடல்காக்காவா? அது தெனம் வர்றதாச்சே. அந்தாண்ட திட்டு மேல கும்பலா குந்திக்கினு கீது பாரு."

"அதுல எத்தனை வகைன்னு பார்க்கப் போறோம்."

மீனவர் கொஞ்சம் யோசித்தார். "மீனத் தூக்கினு போறது ஒரு வக, தூக்காதது ஒரு வக. தூக்காதத நான் பாத்ததில்ல" என்று சொல்லிவிட்டு வலைக்குத் திரும்பினார்.

அவர் சொன்னபடியே முகத்துவாரத்தில் மணல் திட்டின் மேல் அவை இருந்தன. நூறு இருக்கலாம், இருநூறு இருக்கலாம். எல்லாம் ஒரே திசையில், காற்றுக்கு முகம் காட்டி நின்றன. ஃப்ளோரா மிஸ் உற்றுப் பார்த்தார். எல்லாவற்றின் தலையும் வெள்ளையாக இருந்தது.

"பழுப்புத்தலை எங்கே?"

"இது பூரா பழுப்புத்தலைதான், மேடம்."

"தலை வெள்ளையா இருக்கே."

"குளிர்காலத்துல வெள்ளையாதான் இருக்கும். முட்டை வைக்கிற காலத்துலதான் பழுப்பாகும். அப்போ அதுங்க இங்க இருக்காது."

"அப்போ கருந்தலை?"

"அதுவும் இப்போ வெள்ளைதான். வெயில் காலத்துல அதுக்கும் தலை பழுப்பாகும்."

ஃப்ளோரா மிஸ் ஷரஃபுதீன் பக்கம் திரும்பினார். "கருந்தலைக்குத் தலை பழுப்பு?"

"ஆமாங்க. சாக்லேட் கலர்."

"இந்தப் பேரெல்லாம் யாரு வெச்சது?"

"நான் இல்ல, மேடம்."

பிறகு எதைப் பார்ப்பது என்று ஷரஃபுதீன் சொல்லிக்கொடுத்தார். கண்ணைப் பார்க்க வேண்டும். பழுப்புத்தலைக்கு விழி வெளிறி இருக்கும், கருந்தலைக்குக் கருத்து இருக்கும். பறக்கும்போது சிறகு நுனியைப் பார்க்க வேண்டும். நுனி கருப்பாக இருந்து அதில் வெள்ளைப் பொட்டு இருந்தால் பழுப்புத்தலை. சிறகின் முன் ஓரம் வெள்ளைக் கோடாக இருந்தால் கருந்தலை. உருவத்தில் இரண்டு மடங்கு தெரிந்து, மஞ்சள் அலகில் கருப்புப் பட்டை இருந்தால் பெரிய கருந்தலை. அதோ தனியாக நிற்பது அதுதான் என்று தொலைநோக்கியில் காட்டினார். ஃப்ளோரா மிஸ் ஒரு வாரமாகச் சமையலறையில் படித்தது முழுவதும் பாடத்திட்டத்தில் இல்லாமல் போயிற்று.

கையில் பிடித்துப் பார்க்கிற பைனாகுலர் இருபது பேருக்குப் பத்துதான் இருந்தன. ஷரஃபுதீன் ஜோடி பிரித்தார்.

"புருஷன் பெண்சாதி ஒண்ணா சேர வேணாம். ஒரே பைனாகுலர்னா சண்டை வரும். எனக்கு அனுபவம் இருக்கு." ஆரோக்கியநாதனையும் டெரிக்கையும் பார்த்தார். "நீங்க ரெண்டு பேரும் ஒண்ணு." சகலைகள் இருவரும் உடனே பைனாகுலரை வாங்கிக்கொண்டு ஒரு பழைய படகின் பக்கமாக நடந்துவிட்டார்கள். அந்த அவசரம் ஃப்ளோரா மிஸ்ஸுக்கு விசித்திரமாகப் பட்டது. ஒவ்வொரு ஜோடியாகப் போனபின் மணலில் இரண்டு பேர்தான் மிஞ்சினார்கள்.

"நீங்க ரெண்டு பேரும் சேர்ந்துக்குங்க" என்று ஷரஃபுதீன் பைனாகுலரை நீட்டினார். அவருக்கு இந்தப் பங்கின் சரித்திரம் தெரியாது. தெரிந்தவர்கள் எல்லோரும் ரொம்ப அக்கறையாகக் கடலைப் பார்த்தார்கள்.

பொறுப்பாளர் மறுக்க முடியாது. ஃப்ளோரா மிஸ் வாங்கிக்கொண்டார். பார்த்தார். வாய் திறக்காமல் பக்கவாட்டில் நீட்டினார். டீனா வாங்கினாள். நடுவிலிருந்த சக்கரத்தை நிறையத் திருகினாள், பார்த்தாள், திருப்பி நீட்டினாள். ஃப்ளோரா மிஸ் கண்ணில் வைத்தால் எல்லாம் கலங்கல். தன் கண்ணுக்கு ஏற்றபடி திருகிப் பார்த்தார், நீட்டினார். டீனா மறுபடியும் எதிர்ப்பக்கம் திருகினாள். இப்படியே கொஞ்ச நேரம் போயிற்று. ஒரே சக்கரத்தை அக்கா ஒரு பக்கமும் தங்கை ஒரு பக்கமும் திருகினார்களே தவிர, ஒரு சொல் பேசவில்லை.

அப்போது ஒரு கடற்காகம் திட்டிலிருந்து எழும்பி, இவர்களுக்கு வெகு பக்கத்தில், ஈர மணலில் வந்து இறங்கியது. கூட்டத்தோடு சேராமல் தனியாக நின்றது. பைனாகுலர் டீனாவின் கையில் இருந்தது.

"கண்ணு கருப்பு. கருந்தலை" என்றாள் டீனா, காற்றைப் பார்த்து.

ஃப்ளோரா மிஸ் பைனாகுலரை வாங்கிப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்றுதான் இருந்தார். ஆனால் முப்பது வருஷமாகத் தப்பான விடையைத் திருத்தாமல் விட்டதில்லை.

"வெள்ளை" என்றார்.

ஆறு வருஷத்துக்குப் பிறகு தங்கையிடம் சொன்ன முதல் வார்த்தை அது.

டீனா திரும்பினாள். "நல்லா பாரு. கருப்பு."

"நல்லா பார்த்துட்டுத்தான் சொல்றேன். விழி வெளுப்பு. பழுப்புத்தலை."

"கன்னத்துல இருக்கிற வெள்ளையைப் பார்த்து எதையோ சொல்றே. நான் கண்ணைச் சொல்றேன்."

"கண்ணுக்கும் கன்னத்துக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா?"

"அம்மாவுக்கும் சித்திக்குமே தெரியலையே."

சொன்ன பிறகு டீனாவே கொஞ்சம் திடுக்கிட்ட மாதிரி இருந்தது. பக்கத்து ஜோடிகள் பைனாகுலரை இறக்கவே இல்லை. அந்தப் பறவை மட்டும் எந்தச் சங்கடமும் இல்லாமல் ஒரு காலைத் தூக்கி வயிற்றில் சொருகிக்கொண்டது.

"அம்மாவைப் பத்தி அப்புறம் பேசலாம்" என்றார் ஃப்ளோரா மிஸ், குரல் கொஞ்சம் கம்மி. "முதல்ல உன் கண்ணை யாருகிட்டயாவது காட்டு. பக்கத்துல நிக்கிறதே தெரியல உனக்கு."

"காட்டியாச்சு. ஆபரேஷனும் பண்ணியாச்சு. கேட்ராக்ட். புது லென்ஸ். உன்னோட பழைய கண்ணைவிட எனக்கு நல்லாவே தெரியும்."

ஃப்ளோரா மிஸ் பைனாகுலரை இறக்கினார்.

"எப்போ?"

"போன வருஷம். ஈஸ்டருக்கு முன்னாடி, தவக்காலத்துல."

"எனக்குச் சொல்லல."

"பேசிட்டா இருந்தோம்?"

"கூட யாரு இருந்தா? டெரிக்குக்கு ரத்தம்னா ஆகாதே. ஆஸ்பத்திரி வாசனைக்கே மயக்கம் போடுற ஆளாச்சே."

டீனா படகின் பக்கம் பார்த்தாள்.

"அத்தான்தான் இருந்தாரு. காலைலயிருந்து சாயங்காலம் வரைக்கும். இட்லி வாங்கிட்டு வந்தாரு. நைட்டு சொட்டு மருந்து விடுற நேரமெல்லாம் போன் பண்ணி ஞாபகப்படுத்துனாரு. டிப்போவுல பஸ் விடுற மாதிரி."

போன தவக்காலத்தில் ஒரு நாள், ஓய்வு பெற்றோர் சங்கக் கூட்டம் என்று ஆரோக்கியநாதன் வடபழனிக்குப் போனது ஃப்ளோரா மிஸ்ஸுக்கு ஞாபகம் வந்தது. ஒரு நாள் முழுக்க என்ன கூட்டம் என்று கேட்டதற்கு, பென்ஷன் விஷயம், லேசில் முடியாது என்று சொல்லியிருந்தார்.

ஃப்ளோரா மிஸ் விசிலை எடுத்தார். படகைப் பார்த்து ஒரு நீண்ட ஊதல் ஊதினார். திட்டின் மேலிருந்த அத்தனை கடற்காகமும் ஒரே வீச்சில் எழும்பின. படகின் மறைவில் ஒரே ஃபிளாஸ்க்கிலிருந்து டீ குடித்துக்கொண்டிருந்த சகலைகள் இருவரும் எழுந்து நின்றார்கள். பைனாகுலர் உறையிலிருந்து வெளியே எடுக்கப்படவே இல்லை.

"எத்தனை நாளா இது?" என்று கேட்டார், இருவரும் அருகே வந்ததும்.

"டீயா?" என்றார் ஆரோக்கியநாதன்.

"ரெண்டு பேரும் பேசிக்கிறது."

"நாங்க எப்போ பேசாம இருந்தோம்?" என்றார் டெரிக் அப்பாவியாக. ஆரோக்கியநாதன் அவர் காலை மிதித்தார். காலம் கடந்த மிதி அது.

விஷயம் வெளியே வந்தது. ஆறு வருஷமாக வாரம் ஒரு நாள் ஆழ்வார்பேட்டையில் ஒரு டீக்கடையில் சந்தித்துக்கொள்கிறார்களாம். கிறிஸ்துமஸுக்கு ஃப்ளோரா மிஸ் சுட்ட கல்கல் பலகாரத்தில் பாதி வருஷா வருஷம் டெரிக் வீட்டுக்குப் போயிருக்கிறது. டெரிக் அதைக் கடையில் வாங்கினது என்று சொல்லியிருக்கிறார்.

இப்போது டீனா நிமிர்ந்தாள். "அந்த கல்கல் அக்கா சுட்டதா? அடையாறுல ஏதோ பேக்கரின்னு சொன்னே?"

"நீ நல்லா இருக்குன்னு சொன்னியே" என்றார் டெரிக்.

"அது தெரியாம சொன்னது."

அக்காவும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இருவரும் சேர்ந்து கணவர்கள் பக்கம் திரும்பினார்கள். அடுத்த பத்து நிமிஷம் அந்த முகத்துவாரத்தில் நடந்ததை முழுவதும் எழுத வேண்டியதில்லை. ஃப்ளோரா மிஸ் ஆரம்பித்த வாக்கியங்களை டீனா முடித்தாள், டீனா விட்ட இடத்தில் ஃப்ளோரா மிஸ் எடுத்துக்கொண்டார். சின்ன வயதில் இருவரும் சேர்ந்து மளிகைக்கடைக்காரரிடம் சண்டை போடுவது இப்படித்தான் இருக்கும். ஆரோக்கியநாதனும் டெரிக்கும் தலை குனிந்து கேட்டுக்கொண்டார்கள். அவர்கள் முகத்தில் வருத்தத்தைவிட நிம்மதிதான் அதிகம் தெரிந்ததாகப் பிறகு ஃபாதர் சொன்னார்.

ஓய்ந்ததும் ஃப்ளோரா மிஸ் மணலில் உட்கார்ந்தார். முழங்கால் வலித்தது. டீனாவும் கொஞ்சம் இடம் விட்டு உட்கார்ந்தாள்.

"என்னைக் கூப்பிட்டிருக்கலாம்" என்றார் ஃப்ளோரா மிஸ். "சண்டை சண்டையா இருக்கட்டும். ஆபரேஷன்னா கூப்பிடணும்."

"டெரிக் கேட்டான், அக்காவுக்குச் சொல்லட்டுமான்னு. நான்தான் வேணாம்னேன்."

"ஏன்?"

"நீ வந்தா எந்தக் கண்ணுன்னு டாக்டருக்கே சொல்லிக்கொடுப்பே."

ஃப்ளோரா மிஸ் அதை மறுக்க நினைத்து, யோசித்துப் பார்த்து, மறுக்கவில்லை. சொல்லிக்கொடுத்திருப்பார்தான். காற்று சேலை முந்தானையை இழுத்தது. அதை இழுத்து இடுப்பில் சொருகிக்கொண்டார்.

"எந்தக் கண்ணு?"

"வலது."

அவர் எழுந்து நகர்ந்து, தங்கையின் மோவாயைப் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் திருப்பினார். இமையை விரலால் லேசாகத் தூக்கிப் பார்த்தார். டீனா அசையாமல் காட்டிக்கொண்டிருந்தாள். அக்காவின் கையில் விக்ஸ் வாசனையும் சாக்பீஸ் வாசனையும் இருந்தன.

"நல்லா பண்ணியிருக்காங்க" என்றார் ஃப்ளோரா மிஸ். "இடது கண்ணுலயும் லேசா ஆரம்பிக்கிற மாதிரி இருக்கு. அதுக்கு நான் வருவேன்."

"டாக்டர் இன்னும் ஆரம்பிக்கலன்னாரு."

"நான் சொல்றேன், ஆரம்பிக்குது."

அந்தப் பறவையின் ஞாபகம் இருவருக்கும் அப்போதுதான் வந்தது. ஈர மணல் காலியாக இருந்தது. விசில் ஊதியபோதே மற்றவற்றோடு போயிருந்தது. ஷரஃபுதீனைக் கூப்பிட்டுத் தீர்ப்புக் கேட்டார்கள். அவர் இருவர் சொன்னதையும் பொறுமையாகக் கேட்டார்.

"நான் பார்க்கல, மேடம். பார்க்காததைச் சொல்ல மாட்டேன்."

"ஒரு உத்தேசமா?"

"போன வெயில் காலத்துல பொறந்த குஞ்சா இருந்தா, பழுப்புத்தலைக்கும் கண்ணு கருப்பாதான் இருக்கும். வளர வளரத்தான் வெளுக்கும்."

"அப்போ கண்ணு கருப்பு" என்றாள் டீனா.

"அப்போ பழுப்புத்தலை" என்றார் ஃப்ளோரா மிஸ்.

ஷரஃபுதீன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, அங்கே ஒரு ஆலாப் பறவை நிற்கிறது, பார்த்துவிட்டு வருகிறேன் என்று போய்விட்டார்.

சாப்பாட்டு நேரத்தில் இரண்டு வீட்டுத் தூக்குச்சட்டிகளும் ஒரே விரிப்பில் திறக்கப்பட்டன. சுற்றுலா வந்த மற்றவர்கள் அன்று எத்தனை வகைக் கடற்காகத்தைப் பார்த்தார்களோ தெரியாது. ஆனால் ஃப்ளோராவும் டீனாவும் பேசிக்கொண்டார்கள் என்ற செய்தி இவர்கள் வீடு திரும்புவதற்குள் சாந்தோம் முழுக்கப் பரவியிருந்தது. பூக்காரம்மாகூட வழியில் நிறுத்தி விசாரித்தார்.

பங்கு இதழுக்கு ஒரு அறிக்கை எழுதித் தரச் சொன்னார் ஃபாதர். எழுதுவதற்காக டீனா ஆறு வருஷத்துக்குப் பிறகு அக்கா வீட்டுப் படியேறினாள். சமையலறையில் பிரிட்ஜ் இடம் மாறியிருந்ததைப் பார்த்து, இங்கே வெயில் படும், தப்பான இடம் என்றாள். பார்த்தது மூன்று வகை என்று ஃப்ளோரா மிஸ் எழுதினார். நான்கு என்றாள் டீனா. கருந்தலையைச் சேர்த்தால்தான் நான்கு. மூன்று சாயங்காலம் இந்த விவாதம் நடந்தது. இடையில் ஆரோக்கியநாதன் டீ போட்டுக் கொடுத்தார். டெரிக் பிரிட்ஜை நகர்த்தி வைத்தார். கடைசியில் இதழில் "மூன்று அல்லது நான்கு வகைக் கடற்காகங்களைக் கண்டு இறைவனின் படைப்பை வியந்தோம்" என்று வந்தது.

அறிக்கை அச்சான பிறகு டீனா வருவதற்குக் காரணம் எதுவும் இல்லை. ஆனாலும் வந்தாள். கிளினிக் முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கினால் தன் வீட்டுக்கு முன்னால் அக்கா வீடுதான் வருகிறது, தாண்டிப் போவதுதான் சிரமம் என்றாள். இருவரும் சாயங்காலங்களில் கடற்கரைக்கு நடந்து போகத் தொடங்கினார்கள். ஷரஃபுதீன் கடையில் பழைய பைனாகுலர் ஒன்று மலிவாகக் கிடைத்தது. அதை ஆளுக்கொரு நாள் வைத்துக்கொண்டார்கள். அம்மாவின் படத்தைப் பற்றியும் பேசினார்கள். ஒரு முறை ஃப்ளோரா மிஸ் அந்த ஆல்பத்தையே எடுத்து வைத்தார். விளக்கைப் போட்டு, கண்ணாடியை மாட்டி, இருவரும் ரொம்ப நேரம் பார்த்தார்கள். இருவரும் தங்கள் தங்கள் கட்சியில் நின்றார்கள். பிறகு, அந்தக் கல்யாணத்தில் பந்தியில் பாயசம் தீர்ந்துபோனதற்கு அம்மா போட்ட சண்டையை டீனா நினைவுபடுத்தினாள். இல்லை, சண்டை போட்டது சித்தி என்றார் ஃப்ளோரா மிஸ்.

மார்ச் கடைசியில் ஒரு நாள் டீனா ஒரு கிண்ணத்தில் வஞ்சிரம் குழம்பு கொண்டுவந்து மேசையில் வைத்தாள். ஃப்ளோரா மிஸ் தட்டில் சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றி, ஒரு வாய் எடுத்துப் பார்த்தார்.

"புளி அதிகம்."

"சரியா இருக்கு."

"அதிகம்டி."

"அத்தான், நீங்க சொல்லுங்க."

ஆரோக்கியநாதன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எனக்கு வடபழனியில ஒரு கூட்டம் இருக்கு" என்றார்.